தள்ளுபடியில் எதெல்லாம் தள்ளுபடி: ஒரு துணிக்கடையின் பருவ இறுதி விற்பனை

அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு போக இரண்டு பேன்ட்டும் மூன்று சட்டையும் எனக்கு வேண்டியிருந்தன. நான் வழக்கமாக வாங்கும் ரெடிமேடு கடை பருவ இறுதித் தள்ளுபடியை அறிவிக்கும் நேரம் நெருங்கியதால், அவசரமில்லாத இந்தத் தேவையைச் சில வாரங்கள் தள்ளிப்போட்டேன். விற்பனை தொடங்கிய நாள் மாலையில் ஒரு முறையும், இரண்டாம் வாரத்தில் கூட்டம் தணிந்திருந்த ஒரு நண்பகலில் ஒரு முறையும், முடியும் நாளன்று ஒரு முறையுமாக மூன்று தடவை போய்வந்தேன். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இங்கே சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை, பெயர்ப்பலகையை மாற்றி மாட்டினால் வேறு பல கடைகளுக்கும் பொருந்தும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளுபடி இல்லாத நாட்களில் இதே கடையில் ஆறேழு ஆண்டுகளாக வாங்கி வருகிறேன், பெரிதாகக் குறை சொல்ல இடம் இருந்ததில்லை. ஆகவே இது, ஒரு நல்ல கடையின் சாதாரண நாளையும் அதன் தள்ளுபடி நாளையும் அருகருகே வைத்துப் பார்த்து எழுதிய மதிப்பீடு. அப்படிப் பார்த்தபோது, விலை குறைவதற்கு முன்பாகவே, ஒரு துணியைச் சோதித்துப் பார்த்து முடிவெடுக்க வாங்குபவருக்கு உதவும் வசதிகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டுவிடுகின்றன என்றே எனக்குப் பட்டது.

வாசல் கண்ணாடியை மறைத்து ஒட்டியிருந்த விளம்பரத்தில் 70 என்ற எண் ஆள் உயரத்துக்கு நின்றது. அதன் காலடியில், குனிந்து பார்த்தால் மட்டுமே கண்ணில் படும் அளவில் ‘வரை’ என்ற சொல் இருந்தது. ‘70 சதவீதம் வரை தள்ளுபடி’ என்பதில் பொய் எதுவும் இல்லை. மாடிப்படிக்குப் பின்னால் இருந்த ஒற்றை ரேக்கில் 70 சதவீதத் தள்ளுபடி உண்மையாகவே இருந்தது. அங்கே இருந்தவை பெரும்பாலும் ஆகச் சிறிய அளவுச் சட்டைகள், ஜோடி பிரிந்த கையுறைகள், வெளிச்சம் பட்டு நிறம் மங்கிய பைகள். நான் தேடிப்போன வகைப் பேன்ட்டுகளுக்கு முதல் நாளில் 30 சதவீதம்தான். இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். புது வரவுகளைத் தள்ளுபடிச் சரக்கோடு ஒரே கம்பியில் கலந்து மாட்டியிருந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. தலைக்கு மேலே ‘40 சதவீதம்’ என்ற அட்டை தொங்கினால், அதன் கீழே இருப்பவை எல்லாவற்றுக்கும் அது பொருந்தும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி நினைத்து ஒரு வெளிர்சாம்பல் சட்டையை முக்கால் மணி நேரம் கையில் சுமந்து திரிந்தேன். பில் போடும் இடத்தில்தான் அது இந்தப் பருவத்துச் சரக்கு, முழு விலை என்று தெரிந்தது.

துணி அழுகிப்போகும் பொருள் அல்ல என்றாலும், பருவம் முடிந்த துணி கடைக்காரருக்கு அழுகும் பொருளைப் போலத்தான். அது பிடித்துக்கொண்டிருக்கும் இடம் அடுத்த பருவச் சரக்குக்கு வேண்டும், அதில் முடங்கிய பணமும் வேண்டும். அதனால்தான் விலையை ஒரேயடியாக இறக்காமல், வாங்குபவர் எவ்வளவுக்கு அசைகிறார் என்று பார்த்துப் படிப்படியாக இறக்குகிறார்கள். வாங்குபவருக்கு இது ஒரு சூதாட்டமாக முடிகிறது. முதல் நாளில் என் அளவில் நான்கு நிறங்களில் பேன்ட் இருந்தது, தள்ளுபடி குறைவு. இரண்டாம் வாரத்தில் தள்ளுபடி 40 சதவீதமாகியிருந்தது, நிறம் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. கடைசி நாளில் பாதி விலை. இருந்தவையோ இடுப்பளவு 28-உம் 42-உம். இதில் கடையின் சதி எதுவுமில்லை. ஒவ்வொரு மாதிரியிலும் நடு அளவுகளை அதிகமாகவும் ஓர அளவுகளைக் குறைவாகவும்தான் தைத்து அனுப்புகிறார்கள். ஆனால் வாங்குபவர்களில் பெரும்பாலோர் நடுவில் இருப்பதால், அதிகம் வந்த அளவே முதலில் தீர்ந்துபோகிறது. பருவக் கடைசியில் மிஞ்சுவது இரண்டு ஓரங்கள். உண்மையில் ஓர அளவுக்காரர்களுக்குத் தள்ளுபடிக் காலம் பொற்காலமாக இருக்க வேண்டும். என் நண்பர் ஒருவர், மிக ஒல்லியானவர், முழு விலை கொடுத்துப் பேன்ட் வாங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

இரண்டாம் வாரத்தில் மிஞ்சியிருந்த அந்தக் கரும்பச்சைப் பேன்ட்டின் விலைச்சீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அச்சிட்ட விலையின் மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர், அதன் மேல் மஞ்சள், அதன் மேல் மறுபடியும் சிவப்பு என்று மூன்று அடுக்கு இருந்ததால், அந்த இடம் மட்டும் காயத்துக்குப் போட்ட பிளாஸ்திரி போலத் தடித்திருந்தது. ஓரத்தை நகத்தால் நெம்பி ஒவ்வொன்றாக உரித்துப் பார்த்தேன். மேலே இருந்த இரண்டு ஸ்டிக்கர்களும் 40, 30 என்ற இரு படிகளின் விலைகளைக் காட்டின. அடியில் இருந்த மூன்றாவது ஸ்டிக்கர் தள்ளுபடிக்கானது அல்ல. அதில் ‘திருத்திய விலை’ என்று இருந்தது. அது அச்சிட்ட விலையைவிட அதிகம். அதே பேன்ட்டை, நிறம் மட்டும் வேறு, நான்கு மாதத்துக்கு முன் இதே கடையில் தள்ளுபடி ஏதும் இல்லாமல் வாங்கியிருந்தேன். அந்த பில்லின் படம் போனில் இருந்தது. கணக்கு புரிவதற்காக, அன்று நான் கொடுத்ததை 100 என்று வைத்துக்கொண்டால், திருத்திய விலை 120. அந்த 120-க்குத்தான் 40 சதவீதத் தள்ளுபடி. கையில் வருவது 72. அதாவது, நான்கு மாதத்துக்கு முந்தைய விலையோடு ஒப்பிட்டால் தள்ளுபடி 28 சதவீதம். 28 சதவீதம் கேவலமான தள்ளுபடி அல்ல. அதை 28 என்றே சொல்லியிருந்தால் நான் மகிழ்ச்சியாகவே வாங்கியிருப்பேன்.

அடித்துவிட்ட விலை அலங்காரத்துக்காக அங்கே இருப்பதில்லை. மனிதர் ஒரு மதிப்பைக் கணிக்கும்போது, சற்று முன் கண்ணில் பட்ட எண் எதுவாக இருந்தாலும் அது கணிப்பை இழுத்துவிடும் என்பதை உளவியலாளர்கள் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1974-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் காட்டியிருக்கிறார்கள். ஐக்கிய நாடுகள் சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்பதற்கு முன், ஒரு சக்கரத்தைச் சுழற்றி ஓர் எண்ணைக் காட்டினார்கள். 10-ஐப் பார்த்தவர்களின் விடைகள் 25-ஐச் சுற்றியும், 65-ஐப் பார்த்தவர்களின் விடைகள் 45-ஐச் சுற்றியும் அமைந்தன. கேள்விக்குச் சம்பந்தமே இல்லாத சக்கரத்து எண்ணே இவ்வளவு இழுக்குமானால், பேன்ட்டின் இடுப்பிலேயே ஊசி குத்தித் தொங்கவிட்ட எண் எவ்வளவு இழுக்கும்? ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு ஒரு கடிவாளம் போட்டிருக்கிறது. 2022 மே 28 முதல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, விலைக்குறைப்பை அறிவிக்கும் கடை, அதற்கு முந்தைய குறைந்தது 30 நாட்களில் தான் விற்ற மிகக் குறைந்த விலையை முந்தைய விலையாகக் காட்ட வேண்டும். தள்ளுபடிச் சதவீதத்தையும் அந்த விலையை வைத்தே கணக்கிட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது. இப்படி ஒரு விதி இல்லாத இடத்தில், பழைய பில்லைப் பத்திரப்படுத்துவதைத் தவிர வாங்குபவருக்கு வேறு வழி கிடையாது.

சதவீத விளையாட்டில் இன்னொன்றும் உண்டு. ‘50 சதவீதம், அதன் மேல் கூடுதலாக 20 சதவீதம்’ என்ற அட்டையைப் பார்த்ததும் மனம் 70 என்று கூட்டிவிடுகிறது. இரண்டாவது 20, பாதியாகிவிட்ட விலையில்தான் கழிகிறது, மொத்தம் 60. ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பதும் மூன்றும் ஒரே விலையாக இருந்தால்தான் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. இலவசமாகக் கிடைப்பது மூன்றில் மலிவானதுதான் என்பதால், பெரும்பாலும் அதற்கும் குறைவாகவே வரும். மூன்றாவது சட்டை வேண்டாதவருக்கோ அது செலவு.

இனி அளவுக்கு வருகிறேன். என்னுடன் வந்த அக்கா ஒரு காலத்தில் வீட்டிலேயே தையல் எடுத்துத் தைத்தவர். கைப்பையில் எப்போதும் டேப் வைத்திருப்பார். 34 என்று பட்டை குத்திய மூன்று பேன்ட்டுகளை மேசையில் பரப்பி, இடுப்புப் பட்டையை இழுக்காமல் நேராக வைத்து அவர் அளந்தபோது, ஒன்று முப்பத்து மூன்றரை அங்குலம், ஒன்று முப்பத்து நான்கரை, மூன்றாவது 36. மூன்றும் ஒரே கடையின் சொந்தத் தயாரிப்பு. பல அடுக்குத் துணியை ஒன்றாகக் குவித்து இயந்திரக் கத்தியால் வெட்டும்போது மேலடுக்குக்கும் கீழடுக்குக்கும் சிறிது வித்தியாசம் விழும் என்று அரை அங்குலத்துக்கு அவர் காரணம் சொன்னார். இரண்டு அங்குலத்துக்குக் காரணம் வேறு. தன் இடுப்பு இன்னும் 34-தான் என்று நம்ப விரும்புகிறவர்களுக்காகத் தாராளமாக வெட்டிச் சிறிய எண்ணை ஒட்டும் பழக்கம் உலகெங்கும் இருக்கிறது.

உடை அளவுகளை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவர முயன்ற வரலாறும் சோகமானதுதான். ரூத் ஓ’பிரையன், வில்லியம் ஷெல்டன் ஆகியோர் அமெரிக்க வேளாண் துறைக்காக 1939-40-இல் சுமார் 15,000 பெண்களை அளந்தார்கள். அந்த அளவுகளைத் தழுவி 1958-இல் ஒரு வணிகத் தரம் வெளியானது. உற்பத்தியாளர்கள் அதைவிட்டு விலகிக்கொண்டே போக, 1983-இல் அது கைவிடப்பட்டது. ஐரோப்பாவின் இஎன் 13402 என்ற தரம், வெற்று எண்ணுக்குப் பதிலாக உடலளவைச் சென்டிமீட்டரில் எழுதச் சொல்கிறது. எனக்கு அதுவே நேர்மையாகப் படுகிறது. அப்படி எழுதாத வரை, உடுத்திப் பார்க்காமல் பேன்ட் வாங்குவது இருட்டில் செருப்பு மாட்டுவது போன்றதுதான்.

உடுத்திப் பார்ப்பதற்குத்தான் தள்ளுபடி நாட்களில் இடம் இல்லாமல் போகிறது. இந்தக் கடையில் ஆண்கள் தளத்தில் ஆறு ட்ரையல் ரூம்கள் உண்டு. சாதாரண நாளில் இரண்டுக்கு மேல் பூட்டியிருந்து நான் பார்த்ததில்லை. முதல் நாள் மாலையில் அந்த ஆறுக்கும் சேர்த்து ஒரே வரிசை, சட்டை ரேக்குகளைச் சுற்றி வளைந்து மாடிப்படி வரை நின்றது. ஒரு முறைக்கு மூன்று உருப்படிதான் உள்ளே கொண்டுபோகலாம் என்ற விதியை அன்று இரண்டாகக் குறைத்திருந்தார்கள். ஏழு உருப்படிகளோடு நின்ற நான், அரை மணி நேரம் கழித்து இரண்டோடு உள்ளே போய், ஐந்தை வெளியே இருந்த கூடையில் வைத்துவிட்டு வந்து பார்த்தால், அந்த ஐந்தில் மூன்று மறுபடியும் ரேக்குக்குப் போய்விட்டிருந்தன; அவற்றில் ஒன்றை வேறொருவர் எடுத்துப்போயிருந்தார். கடைசி நாளிலோ ஆறு அறைகளிலும் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கிப் பூட்டிவிட்டார்கள். “இன்னைக்கு ட்ரையல் கிடையாது சார், சைஸ் பார்த்து எடுத்துக்குங்க” என்றார் அங்கே நின்ற இளைஞர். எந்த சைஸைப் பார்த்து என்று கேட்க நாக்கு துடித்தது. ஆனால் அவர் காலையிலிருந்து அதே வாக்கியத்தை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பேசாமல் வந்துவிட்டேன்.

உடுத்திப் பார்க்க முடியாததுகூடப் பெரிய குறையாகத் தோன்றாது, வாங்கியதை மாற்றிக்கொள்ள முடியும் என்றால். சாதாரண நாளில் பில்லோடு 15 நாளுக்குள் வந்தால் இந்தக் கடையில் கேள்வியே கேட்காமல் மாற்றித் தருவார்கள். தள்ளுபடிச் சரக்குக்கு அந்த உரிமை கிடையாது என்று பில்லின் பின்பக்கம் வெளிறிய மையில் அச்சிட்டிருக்கிறார்கள். அளவு நம்பத்தக்கதல்ல, போட்டுப் பார்க்கவும் முடியாது, பொருந்தாவிட்டால் திருப்பவும் முடியாது என்று மூன்றும் ஒரே நாளில் சேர்ந்துகொள்ளும்போது, பொருந்தாமல் போகும் இழப்பு முழுவதும் வாங்குபவரின் தலையில் விழுகிறது. சாதாரண நாளில் அந்த இழப்பைக் கடைதான் சுமக்கிறது. முழு விலையில் அதற்கான கூலியும் அடங்கியிருக்கிறது. ஆகவே தள்ளுபடி விலையோடு ஒப்பிட வேண்டியது முழு விலையை அல்ல, இந்தச் சுமையைக் கழித்த முழு விலையை. அப்படிக் கணக்கிட்டால் என்னுடைய 28 சதவீதத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று தெரியவில்லை.

விரும்பவில்லை என்பதற்காகத் திருப்புவது வேறு, குறையுள்ள பொருளைத் திருப்புவது வேறு என்பதைக் கடைகள் வசதியாக மறந்துவிடுகின்றன. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற பலகை மாட்டிவிட்டால் எல்லாப் பொறுப்பும் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம், குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் நிராகரித்துப் பணத்தைத் திரும்பப் பெறும் உரிமையைத் தருகிறது. இந்தியாவின் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படிக் காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. தள்ளுபடியில் வாங்கினாலும் சாயம் போகும் சட்டை சாயம் போகும் சட்டைதான்.

துணியின் தரத்தைப் பொறுத்தவரை, கண்ணை நம்புவதைவிடக் கையை நம்ப வேண்டும் என்பது அக்காவின் பாடம். சட்டையை எடுத்ததும் உள்பக்கத்தை வெளியே திருப்பிவிடுவார். பக்கத் தையலில் எவ்வளவு துணி உள்ளே விட்டிருக்கிறார்கள், ஓவர்லாக் நூல் பிரிந்திருக்கிறதா, காஜாவின் ஓரத்தில் பிசிறு நிற்கிறதா, கட்டம் போட்ட துணியானால் பைக்கட்டமும் சட்டைக் கட்டமும் ஒரே கோட்டில் சேர்கின்றனவா என்று வரிசையாகப் பார்ப்பார். காலரை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்து, உள்ளே ஒட்டிய கேன்வாஸ் சில இடங்களில் விட்டுப்போய்க் குமிழாகியிருப்பதைக் காட்டினார். கடையில் மாதக்கணக்கில் மடித்துவைத்த துணிக்கே உரிய குறைகள் வேறு. மடிப்பின் விளிம்பில் மட்டும் நிறம் வெளுத்து ஒரு கோடு விழுந்திருக்கும். விரித்துப் பார்த்தால் மார்பின் குறுக்கே அந்தக் கோடு ஓடும், எத்தனை முறை தேய்த்தாலும் போகாது. போட்டுப் பார்த்தவர்களின் முகப்பவுடர் கழுத்துப்பட்டையின் உள்பக்கம் படிந்திருக்கும். ட்ரையல் ரூமில் யாரோ அவசரத்தில் இழுத்ததில் ஜிப்பின் ஒரு பல் வளைந்திருக்கும். இவற்றில் பலவும் குழல்விளக்கில் தெரிவதில்லை. கருநீலம் என்று எடுத்த பேன்ட்டை ஜன்னலோரம் கொண்டுபோனால் கறுப்பாகவும், கறுப்பு என்று எடுத்தது பழுப்பேறியும் தெரிவது எனக்கு இரண்டு முறை நடந்தது. சாதாரண நாளில் ஜன்னல் வரை போய்வருவது ஒரு வேலையே இல்லை. தள்ளுபடி நாளில், நிற்கும் இடத்தை விட்டு நகர்ந்தால் இடமும் போகும், துணியும் போகும்.

இன்னொரு சந்தேகத்தையும் பதிவு செய்கிறேன். தரைத்தளத்து மேசைகளில் குவித்திருந்த சட்டைகளில் ஒரு வகையை இந்தக் கடையில் நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. பெயர்ப்பட்டை அதேதான். ஆனால் துணி மெல்லியது, பையின் உள்துணி கொசுவலை போல இருந்தது, இந்தக் கடையின் சட்டைகளில் கீழ்ப்பட்டையில் தைத்திருக்கும் உதிரிப் பட்டன் இவற்றில் இல்லை. பருவம் முழுவதும் விற்று மிஞ்சியது என்றால் எல்லா அளவிலும் எல்லா நிறத்திலும் நூற்றுக்கணக்கில் இருக்காது. இது தள்ளுபடிக்கென்றே தைத்து இறக்கிய சரக்கு என்றுதான் எனக்குத் தோன்றியது. அமெரிக்காவில், மிஞ்சிய சரக்கை மலிவாக விற்கும் இடங்களாக அறியப்பட்ட அவுட்லெட் கடைகளில் இந்தப் பழக்கம் பெருகியதைக் கண்டு, 2014 ஜனவரியில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் நால்வர், அவுட்லெட்டுக்கென்றே மட்டமாகத் தைத்ததை வழக்கமான கடைச் சரக்கின் விலைக்குறைப்பு போலக் காட்டுகிறார்களா என்று விசாரிக்கும்படி அந்நாட்டு வணிக ஆணையத்துக்குக் கடிதம் எழுதினார்கள். மலிவாகத் தைத்து மலிவாக விற்பதில் தவறில்லை. அதற்கு ஒருபோதும் இருந்திராத ஒரு பழைய விலையை எழுதி அடித்துக் காட்டுவதில்தான் தவறு.

ஊழியர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பாதிப் பேர் விற்பனைக் காலத்துக்கு மட்டும் எடுத்தவர்கள். எந்த மாதிரி எந்தத் தளத்தில் இருக்கிறது என்பது அவர்களுக்கே தெரியாது. ஸ்வெட்டர் மேசையருகே ஒரு பெண் மடித்துக்கொண்டே இருந்தார். அவர் ஆறாவது ஸ்வெட்டரை மடித்து வைப்பதற்குள் முதல் மூன்றும் கலைந்திருந்தன. நானும் ஒன்றைக் கலைத்தேன். வாங்குபவர்களின் பங்கும் சிறியதல்ல: தன் அளவை அடுத்த நாள் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று 42-ஆம் அளவுக் குவியலுக்கு அடியில் ஒளித்துவைக்கிறவர்களை என் கண்ணால் பார்த்தேன். முதல் நாளில் என் அளவில் நான் விட்டுவந்த நீலச் சட்டை, இரண்டாம் வாரத்தில் குழந்தைகள் பகுதியில் பைஜாமாக்களுக்குக் கீழே கிடைத்தது. யார் ஒளித்தார்களோ, அவருக்கு என் நன்றி.

பில் போடும் இடம்தான் கடைசிச் சோதனை. நாற்பது நிமிடம் நின்று முன்னால் போனதும், மூன்று உருப்படிகளில் ஒன்றுக்குக் கணினி பழைய படியின் தள்ளுபடியைத்தான் காட்டியது. ஸ்டிக்கரில் 40, திரையில் 30. மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, அவர் வந்து பார்த்து, எங்கோ போன் செய்து, ஒரு ரகசிய எண்ணைத் தட்டித் திருத்துவதற்குள், பின்னால் நின்றவர்களின் பெருமூச்சு என் கழுத்தில் பட்டது. அந்தப் பெருமூச்சுக்குப் பயந்து, திரையைப் பார்க்காமலே பணத்தைக் கட்டிவிட்டுப் போகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்தேன். திரை வாங்குபவரின் பக்கம் திரும்பியிருந்தது என்பதைப் பாராட்டாகவே சொல்ல வேண்டும். பல இடங்களில் அதுவும் இல்லை.

இத்தனை தொல்லைக்குப் பதிலாக, ஆண்டு முழுவதும் ஒரே நியாய விலையில் விற்றால் என்ன என்ற கேள்வி எழும். அமெரிக்காவின் பழைய கடைத்தொடர்களில் ஒன்றான ஜே.சி. பென்னி, ரான் ஜான்சனின் தலைமையில் 2012-இல் அதைத்தான் செய்துபார்த்தது. கூப்பன்களையும் ஓயாத தள்ளுபடிகளையும் ஒழித்துவிட்டு, விலையை நேரடியாகவே குறைத்து எழுதியது. அந்த ஓராண்டில் அதன் விற்பனை சுமார் நான்கில் ஒரு பங்கு சரிந்தது. 2013 ஏப்ரலில் ஜான்சன் பதவியை இழந்தார், கூப்பன்கள் திரும்பி வந்தன. அடித்துவிட்ட ஒரு பழைய விலை பக்கத்தில் இல்லாவிட்டால், மலிவாக வாங்குகிறோம் என்ற திருப்தி நமக்கு வருவதில்லை போலும். அந்த மூன்றடுக்கு ஸ்டிக்கரை உரித்த பிறகும் நான் அந்தப் பேன்ட்டை வாங்கினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மூன்று முறை போய் நான் வாங்கியவை அந்தப் பேன்ட் ஒன்று, சட்டை இரண்டு, பட்டியலிலேயே இல்லாத ஒரு ஸ்வெட்டர். நீலச் சட்டை நன்றாக இருக்கிறது. பருவம் முழுவதும் விற்ற நல்ல சரக்கு அது, அதன் விலைக்குறைப்பும் உண்மையானது. தரைத்தளத்து மேசையில் எடுத்த சட்டை முதல் சலவையிலேயே வாளித் தண்ணீரைச் சிவப்பாக்கி, கூடவே ஊறிய ஒரு வெள்ளைப் பனியனையும் கெடுத்தது. கரும்பச்சைப் பேன்ட் இடுப்பில் சற்று இறுக்கம். பின்தையலைப் பிரித்துத் தரச்சொல்லித் தையல்காரரிடம் கொண்டுபோனேன். உள்ளே துணி விட்டிருந்தால்தானே பிரிப்பதற்கு என்று அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஸ்வெட்டரை இன்னும் போடவில்லை. விலைக்கு ஐந்தில் மூன்று, சேவைக்கு ஐந்தில் ஒன்று என்று மதிப்பெண் கொடுப்பேன். தன் அளவை உடுத்திப் பார்த்துவிட்டு, முன்பே விலை தெரிந்த ஒரு குறிப்பிட்ட பொருளுக்காக, வார நாளின் நண்பகலில் போகிறவர்களுக்கு இந்த விற்பனை பயன்படும். வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் ஸ்வெட்டரோடுதான் திரும்புவார்கள்.

சாயம் போன சட்டையைக் கெட்டுப்போன பனியனோடு எடுத்துச் சென்று, அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பின், சட்டையின் விலைக்கு மட்டும் ஒரு கடன்சீட்டு வாங்கினேன். 15 நாளில் காலாவதியாகும், தள்ளுபடிச் சரக்குக்குச் செல்லாது என்று அதில் எழுதியிருந்தது. பதின்மூன்றாம் நாள் போனேன். விற்பனை முடிந்திருந்தது, கண்ணாடி துடைத்துப் பளிச்சென்று இருந்தது, ட்ரையல் ரூம்கள் ஆறும் திறந்து கிடந்தன. பல ஆண்டுகளாக எனக்குத் துணி எடுத்துக்கொடுக்கும் பெரியவர், தள்ளுபடி நாட்களில் கண்ணிலேயே படாதவர், தன் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து இடுப்பையும் கால் நீளத்தையும் அளந்து, மூன்று பேன்ட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்து, “போட்டுப் பார்த்துட்டு நிதானமா வாங்க சார்” என்றார். இரண்டாவது பேன்ட் பொருந்தியது. கடன்சீட்டு அதன் விலையில் பாதிக்குக்கூடப் போதவில்லை, மீதியைக் கட்டினேன். வீட்டுக்கு வந்து உள்பக்கம் திருப்பிப் பார்த்தபோது, பின்தையலில் ஒன்றரை அங்குலத் துணி விட்டிருந்தது, இடுப்புப் பட்டையின் உள்ளே உதிரிப் பட்டன் ஒன்றும் தைத்திருந்தது.